குதிரையைக் கொடுத்த படைத்தலைவர்

நான்ஜிங் அதிபர் மாளிகைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் சியாங் கை-ஷேக்கின் அலுவலக அறையைத் தேடித்தான் விரைகிறார்கள். 1949 ஏப்ரலில் மக்கள் விடுதலைப் படை இந்த வாசலில் ஏறி நின்ற கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சுன் யாட்-சென் 1912 ஜனவரி 1 அன்று இங்கே பதவியேற்றதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆனால் அருங்காட்சியகமாகிவிட்ட இந்த வளாகத்துக்குள் மஞ்சு ஆட்சியை எதிர்த்த தைப்பிங் கிளர்ச்சியாளர்களின் அரசருடைய சிம்மாசனக் கூடத்தை மாதிரியாக மறுபடி அமைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபின் 1949 காத்திருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

சிம்மாசனத்துக்கு உரியவர் ஹோங் சியூசுவான். அரசுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். தன்னை இயேசுவின் தம்பி என்று நம்பியவர். 1853-ல் நான்ஜிங்கைப் பிடித்து, மஞ்சு அரசின் ஆளுநர் அலுவலகம் இருந்த இந்த இடத்தில் அரண்மனை எழுப்பினார். அபினியையும் பெண்களின் பாதம் கட்டும் வழக்கத்தையும் தடை செய்த அந்தத் துணிச்சலுக்காக அவரை மதிக்கிறேன். அரண்மனைக்குள் போனவர் அங்கேயே அடைந்து கிடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. வெளியே அவருக்காக லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்காகப் போரிட்டவர்களில் என் மனதைப் பிடித்துக்கொண்டவர் லீ சியூசெங். குவாங்சியில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படைவீரராகச் சேர்ந்து, 'விசுவாச மன்னர்' பட்டம் வரை உயர்ந்தவர். சூச்சோவில் அவருடைய மாளிகை இன்றும் நிற்கிறது. 1863 இறுதியில், எதிரி நகரை நெருக்கியபோது, நான்ஜிங்கைக் கைவிட்டு வெளியேறலாம் என்று மன்றாடினார். ஹோங் கேட்கவில்லை, வானத்துப் படை காக்கும் என்றார். உணவு தீர்ந்துவிட்டதாகச் சொன்னபோது, 'இனிய பனித்துளி'யைத் தின்னுங்கள் என்று உத்தரவிட்டார். அதாவது, காட்டுப் புல்லை உருட்டித் தின்ன வேண்டும். தானும் தின்றார். 1864 ஜூன் 1 அன்று இறந்தார்.

ஜூலை 19-ல் மதில் உடைந்தது. மஞ்சு அரசின் படைத்தலைவர் செங் குவோஃபானின் தம்பி நடத்திய படை நகரைச் சூறையாடியது. அரண்மனையும் எரிந்தது. வென்றவனின் இந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் கிடையாது. பதினைந்து வயதுகூட நிரம்பாத இளவரசன் தப்பி ஓட, லீ தன் நல்ல குதிரையை அவனுக்குக் கொடுத்துவிட்டார். தனக்கு வாய்த்த நோஞ்சான் குதிரை ஓடவில்லை. மலையடிவாரத்தில் ஊர்க்காரர்களிடம் சிக்கினார்.

கூண்டில் அடைத்து வைத்திருந்த நாட்களில் தூரிகை கேட்டு எழுதினார். எப்படி எழுந்தோம், எங்கே தவறினோம் என்று பல்லாயிரம் எழுத்துகள். செங் குவோஃபானைப் புகழ்ந்தும் எழுதியிருப்பதால், கடைசியில் வளைந்துவிட்டார் என்று சிலர் பழிக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. சாவு நிச்சயம் என்று தெரிந்தவர் தன் அரசரின் பிழைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிடிபடாமல் சிதறிக் கிடந்த தன் வீரர்களை உயிரோடு விடும்படி கெஞ்சியிருக்கிறார். ஆகஸ்டில் தலையை வெட்டினார்கள். செங் குவோஃபான் தனக்குப் பிடிக்காத இடங்களை அடித்துத் திருத்தி அச்சிட்டார். ஆனால் மூலப் பிரதியைக் கொளுத்தவில்லை. வீட்டில் பூட்டி வைத்த அதை அவர் வம்சத்தார் காப்பாற்றினார்கள். 1962-ல் தைவானில் அப்படியே அச்சானது. அடித்த கோடுகளுக்கு அடியில் இருந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

(தொடரும்)