வஹ்ஹாபி என்ற பெயர் வந்த கதை

கலகெதரயிலிருந்து குருநாகல் வீதியில் சென்றால் பறகஹதெனிய வரும். அங்கே 1947இல் அப்துல் ஹமீத் பக்ரீ மௌலவி 'ஜம்இய்யது அன்ஸாரிஸ் ஸுன்னதில் முஹம்மதிய்யா' என்ற அமைப்பைத் தொடங்கினார். நபிவழிக்குத் துணைநிற்போர் சங்கம் என்று அதற்குப் பொருள். கெய்ரோவில் 1926இல் தோன்றிய ஓர் அமைப்பின் பெயரும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் எங்கள் பகுதியில் இந்த நீண்ட பெயரைச் சொல்வோர் குறைவு. கந்தூரியையும் மௌலிதையும் மறுத்தவர்களுக்கு ஊர் வழங்கிய பெயர் 'வஹ்ஹாபி'.

அச்சொல்லின் பிறப்பு விசித்திரமானது. நஜ்தில் 1703இல் பிறந்த அறிஞரின் பெயர் முஹம்மத். அப்துல் வஹ்ஹாப் என்பது அவருடைய தந்தையின் பெயர். வழமைப்படி அவரைப் பின்பற்றுவோர் 'முஹம்மதி' என அழைக்கப்பட வேண்டும். ஆனால் அப்பெயர் எல்லா முஸ்லிம்களுக்கும் பொருந்தும், வசைக்கு உதவாது. எனவே எதிரிகள் தந்தையின் பெயரைப் பற்றிக்கொண்டார்கள். அதிலும் 'அப்து' என்ற அடிமையை நீக்கினார்கள். எஞ்சிய 'அல்வஹ்ஹாப்' இறைவனின் திருநாமம். பெருங்கொடையாளன் என்பது பொருள். ஏசப் புறப்பட்டவர்கள் இறைவனின் பெயரையே சூட்டிவிட்டார்கள்! அவர்களோ தங்களை 'முவஹ்ஹிதூன்', அதாவது ஏகத்துவவாதிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். தௌஹீத் என்பதும் அதே வேரிலிருந்து வந்த சொல்.

பிரித்தானிய இந்தியாவில் இந்தப் பெயர் இராஜத்துரோகக் குற்றச்சாட்டாகவே மாறியது. 1864இல் அம்பாலாவில் நடந்த வழக்கு 'வஹ்ஹாபி வழக்கு' எனப்பட்டது. ஆனால் அங்கு தண்டிக்கப்பட்டவர்கள் ராய்பரேலி சையித் அஹ்மதின் வழிவந்தோர், நஜ்துக்காரர்கள் அல்லர். 1880களில் அஹ்லே ஹதீஸ் அறிஞர் முஹம்மத் ஹுஸைன் படாலவி, அரச கடிதங்களில் அச்சொல் இடம்பெறக் கூடாதென விண்ணப்பித்து வெற்றியும் கண்டார். ஒரு சொல்லை நீக்க ஒரு விண்ணப்பம்! சிரிக்கத் தோன்றும். சிறைக்கு அஞ்சியவருக்கு அது சிரிப்பாக இருந்திராது.

2019 ஏப்ரல் 21க்குப் பின் இலங்கையில் நாம் கண்டதும் இதுதான். குண்டுவைத்தவர்களோடு தொடர்புபட்டது 'தேசிய தௌஹீத் ஜமாஅத்'. தலைப்பில் இடம் போதாதபோது முதற்சொல்லை வெட்டுவது எங்கள் தொழிலின் பழக்கம். 'தேசிய' போனது, தௌஹீத் என்ற சொல்லைத் தாங்கிய ஒவ்வொரு பள்ளிவாசலும் சந்தேகத்துக்குரியதானது. 2021இல் அரசு தடைசெய்த அமைப்புகளின் பட்டியலில் பறகஹதெனிய அமைப்பும் இருந்தது. 2023இல் அதன்மீதான தடை நீக்கப்பட்டது.