சத்தம் வரவேண்டிய இடத்தில் சத்தம் வருகிறதா?

2004 டிசம்பர் 26 காலை 7 மணியளவில் சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. நமது கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஒன்றரை மணித்தியாலமளவு இருந்தது. ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்திலேயே முதல் அறிக்கையை விட்டது. ஆனால் அது பசுபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கென்று அன்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எங்கும் ஓர் அறிவித்தலும் கேட்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

சத்தம் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. இதே பாடம் கணினி நிரலிலும் உண்டு. பைதன் படிக்கும் நமது உயர்தரப் பிள்ளைகளுக்காக அதையும் சொல்கிறோம்.

புள்ளிகளைப் பதியும் ஒரு நிரலில் 105 என்று கொடுத்தால் அது ஏற்கக் கூடாது. 'வேல்யூ எரர்' என்று கத்தி நிற்க வேண்டும். இந்தக் கத்தலுக்குத்தான் 'எக்ஸெப்ஷன்' என்று பெயர். 75 கொடுத்துச் சரியாகப் பதிகிறதா என்று எல்லோரும் பார்ப்போம். 105 கொடுத்து, கத்துகிறதா என்று பார்ப்பவர் குறைவு.

1997இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் விமானப் பயணமொன்றில் 'ஜேயூனிட்' என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கினார்கள். கத்தலைச் சோதிக்க அன்று ஒரு சுற்றுவழி இருந்தது: பிழையான தரவைக் கொடு, கத்தினால் பிடித்துக்கொள், கத்தாமல் அடுத்த வரிக்கு வந்தால் 'தோல்வி' என்று எழுது. அந்தக் கடைசி வரியை ஒருவர் மறந்தால் போதும். நிரல் ஊமையாக இருக்கும், சோதனையோ 'சித்தி' என்று காட்டும். 2001இல் பைதன் 2.1 உடன் வந்த 'யூனிட்டெஸ்ட்' இதற்கு 'அசெர்ட்ரெய்ஸஸ்' என்ற கட்டளையை வைத்திருந்தது. கத்தாவிட்டால் அதுவே தோல்வி என்று சொல்லிவிடும். 2017இல் வந்த ஜேயூனிட் 5இல் 'அசெர்ட்த்ரோஸ்' அதே வேலையைச் செய்கிறது.

இன்னொரு கவனமும் தேவை. 'ஏதாவது ஒரு பிழை வந்தால் சரி' என்று சோதிக்காதீர்கள். மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் நிரல் கத்தும். சோதனை அதையும் சித்தி என்றே எடுக்கும். எந்தப் பிழை வரவேண்டுமோ அதன் பெயரைச் சொல்லியே சோதியுங்கள்.

நாடும் இதைத்தான் பிறகு செய்தது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2009 ஒக்டோபரில் இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து, வராத அலையை வந்ததாக வைத்து முதல் ஒத்திகையை நடத்தின. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது இலங்கையில் எச்சரிக்கை ஒலித்தது. கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சத்தம் வந்தது.

ஆகவே ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ சுனாமி ஒத்திகை என்று அறிவித்தால், "சும்மா சத்தம்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அலை வராத நாளில்தான் அந்தச் சத்தத்தைச் சோதிக்க முடியும்.