கணக்கு வாத்தியாருக்கு யார் கணக்கு எழுதுவது?

ஊருக்கெல்லாம் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவர் காமர்ஸ் வாத்தியார். அவர் செய்த ஆராய்ச்சிக்குப் பற்று வரவு எழுதுவது யார்? நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பி.எச்டி. பதிவு செய்துவிட்டு, "எத்தனை பேப்பர் ஆச்சு?" என்ற கேள்விக்குப் பயந்து விசேஷங்களுக்கு வராமல் ஒதுங்கும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய நூறு வயது.

1926-ல் ஆல்ஃபிரட் லோட்கா என்பவர் வேதியியல் கட்டுரை அட்டவணைகளை எடுத்துவைத்துக்கொண்டு, யார் எத்தனை எழுதினார் என்று எண்ணினார். ஒரே ஒரு கட்டுரை எழுதியவர் நூறு பேர் என்றால், இரண்டு எழுதியவர் சுமார் 25 பேர், மூன்று எழுதியவர் 11 பேர். அதாவது அறிஞர்களில் பெரும்பாலோர் ஒன்றோடு நிறுத்திக்கொள்பவர்கள். அதே 1926-ல்தான் அமெரிக்கக் கணக்கியல் ஆசிரியர்களின் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' இதழும் தொடங்கியது.

இந்த எண்ணும் கலைக்கு நம்மவர் ஒருவரும் வழி போட்டார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1948-ல் இங்கிலாந்தில் நடந்த நூலக மாநாட்டில், நூலக வேலைகளையும் கணித முறையில் அளக்கலாம் என்று சொல்லி 'லைப்ரமெட்ரி' என்ற பெயரை முன்வைத்தார். இதன் உறவான 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற சொல் 1969-ல்தான் வந்தது. ஆனால் ரங்கநாதனின் கவலை நூலகத்தை நன்றாக நடத்துவது எப்படி என்பது. யாருக்குப் பதவி உயர்வு கொடுப்பது என்பதல்ல. இதை நம்மவர்கள் மறந்துவிடுகிறோம்.

கணக்கியலில் எண்ணிக்கை வேலை சூடு பிடித்ததற்குக் காரணம் 1959-ல் ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் ஆதரவில் வெளிவந்த இரு அறிக்கைகள். அமெரிக்க வணிகக் கல்விக்கூடங்களில் உருப்படியான ஆராய்ச்சி இல்லை என்று அவை கடிந்துகொண்டன. 1963-ல் சிகாகோவிலிருந்து 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்' வந்தது. கார்ஃபீல்டின் மேற்கோள் அட்டவணை 1964-ல் அறிவியலுக்கும் 1973-ல் சமூக அறிவியலுக்கும் வந்தது. எழுதியவரை மட்டுமல்ல, அவரை எடுத்தாண்டவரையும் எண்ண முடிந்தது.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். ரே பால், பிலிப் பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் சிகாகோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கம்பெனியின் வருட லாபக் கணக்கு வெளியாவதற்கு மாதக்கணக்கில் முன்பே, அந்தச் செய்தியின் பெரும்பகுதி பங்கு விலையில் ஏறிவிடுகிறது என்பது முடிவு. 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' அதை வேண்டாம் என்றது. 1968-ல் சிகாகோ இதழ் போட்டது. 1986-ல் அமெரிக்கக் கணக்கியல் சங்கம் அதற்குப் பெரும் விருது கொடுத்தது. 2014-ல் அந்த ஆய்வைப் பற்றிய பின்னோக்குக் கட்டுரையை வெளியிட்டது யார் தெரியுமா? வேண்டாம் என்று சொன்ன அதே இதழ்தான்! ஒரு கட்டுரையின் வெளியீட்டை அடுத்த இரண்டு வருட மேற்கோள்களை வைத்து இதழ்களுக்கு மார்க் போடும் முறை இந்தத் தாமதத்தை எப்படிப் பிடிக்கும்?

எண்ணுவதிலும் ஆயிரம் வழக்கு. மூன்று பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு ஒன்றா, மூன்றில் ஒரு பங்கா? எந்த இதழ்கள் சேர்த்தி? அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் தணிக்கை, வரி, நிதிக் கணக்கியல் என்று பிரித்து தரவரிசை போட்டார்கள். ஒன்றில் முதலிடம் பிடித்த பல்கலைக்கழகம் இன்னொன்றில் கீழே கிடக்கலாம்.

நம் நாட்டுக்கு இது 2010-ல் யுஜிசி விதிகளோடு வந்தது. மதிப்பீட்டுக்கு உட்பட்ட இதழில் வந்தால் 15 புள்ளி, அப்படி இல்லாத அங்கீகரிக்கப்பட்ட இதழில் வந்தால் 10.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு கல்லூரியில் காமர்ஸ் எடுத்தேன். மூன்று வருடம் சனி ஞாயிறு பார்க்காமல் மண்டி வியாபாரிகளிடம் உட்கார்ந்து, சிவப்புத் துணி போட்ட 'பஹி காத்தா' பேரேடுகள் எழுதும் முறையைக் கற்று ஒரு கட்டுரை எழுதினேன். 10 புள்ளி. பதவி உயர்வுக்குப் புள்ளி பற்றவில்லை. பணம் கட்டினால் 'மதிப்பீடு செய்து' போடும் இதழ் ஒன்றைச் சகா ஒருவர் காட்டினார். மூன்று வாரத்தில் இரண்டு கட்டுரை, 30 புள்ளி. உயர்வும் கிடைத்தது. 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அந்த இதழும் அதில் இருந்தது. வீட்டில் நான் சொல்லவில்லை. பிறகு வந்த 'கேர்' பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது.

அந்த இரண்டு கட்டுரைகளைப் பற்றி இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பஹி காத்தா கட்டுரையை இரண்டு பேர் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒருவர் வரலாறு படிக்கும் மாணவி. மற்றவர் அந்த மண்டி வியாபாரியின் மகன். கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு அப்பாவின் பேரேட்டைப் படிக்கத் தெரியவில்லையாம்.