நேராக ஓடாத வண்டி

ஒரு சிறு வண்டி சுவரை நோக்கி இரண்டு மீட்டர் நேராக ஓடி, முட்டுவதற்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். ரோபாட்டிக்ஸ் தொடங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது. இதையே ஒரு மேசையில் லெகோ இவி3 பெட்டியைக் கொண்டும், மறு மேசையில் ஆர்டுயினோ பலகையைக் கொண்டும் செய்யவைத்தால், கற்பது ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாடு வண்டி ஓடாதபோதுதான் தெரியும்.

இவி3, மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையில் 2013இல் வந்தது. 2022 முடிவோடு வரிசையையே லெகோ நிறுத்திவிட்டது. அதன் மோட்டாருக்குள்ளேயே சுழற்சியை ஒரு டிகிரி வரை அளக்கும் சென்சார் உண்டு. இரு சக்கரங்களும் ஒரே அளவு சுற்றினவா என்று கருவியே பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கேபிளைத் தலைகீழாகச் செருக வழியில்லை. ஆகவே பிழை ஒளிய இடம் குறைவு: போர்ட் மாறியிருக்கும், சக்கரம் சட்டத்தில் உரசும், புரோகிராமில் கட்டளை முன்பின்னாகியிருக்கும். கண்ணும் கையும் போதும். 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் மூன்றில் ஒரு பங்காகி இழுவை கூடுவதைப் பத்து வயதுப் பிள்ளை விரலாலேயே உணர்ந்துவிடும். அந்த வயதுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில், வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்தது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ளோருக்காக 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தால் நம் பள்ளிகளிலும் பழகிவிட்டது. இங்கே எதுவும் மறைவாக இல்லை. அதனால் எதுவும் பிழையாகலாம். மஞ்சள் நிற பிஓ மோட்டார்கள் இரண்டை ஒரே கடையில் வாங்கினாலும் ஒன்று சற்று வேகமாகச் சுற்றும். வண்டி ஒரு பக்கமாக வளையும். மோட்டார் டிரைவரின் கிரவுண்டைப் பலகையின் கிரவுண்டோடு இணைக்க மறந்தால், புரோகிராம் சரியாக இருந்தும் வண்டி அசையாது.

இவற்றில் கொடியது பேட்டரிப் பிழை. சின்ன 9 வோல்ட் பேட்டரியில் மோட்டார், பலகை இரண்டையும் ஓட்டுகிறார்கள். மோட்டார் கிளம்பியதும் வோல்டேஜ் சரிகிறது, பலகை ரீசெட் ஆகிறது, புரோகிராம் முதலிலிருந்து தொடங்குகிறது. வண்டி துடித்துத் துடித்து நிற்கும். பிள்ளைகள் புரோகிராமைச் சந்தேகித்து, சரியாக இருந்ததையும் மாற்றிக் கெடுத்துவிடுவார்கள். அப்போது ஆசிரியர் வயரைத் தானே பிடுங்கி மாட்டினால் வண்டி ஓடும், பாடம் போய்விடும். மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, 5 வோல்ட் பின்னில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மோட்டார் சுற்றாதபோது 5. சுற்றத் தொடங்கும்போது எண் இறங்குகிறது. ஒரு முறை இதைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை புரோகிராமைத் தொடும் முன் மின்சாரத்தை அளக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது என்ற ஒழுங்கும் அப்போதுதான் பொருள்படும்.

பிழை கண்டுபிடிக்கக் கற்பிக்க ஆர்டுயினோவே என் தேர்வு. ஆனால் இவி3இல் பழகி வந்த பிள்ளை இங்கே ஒரு நல்ல கேள்வியைக் கொண்டுவரும்: சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று இதற்கு எப்படித் தெரியும்? 20 துளையுள்ள தட்டை அச்சில் மாட்டி, துளைகளை எண்ணும் ஒளிச் சென்சாரை வைத்தால் துளைக்கு 18 டிகிரி. 65 மில்லிமீட்டர் சக்கரத்தில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஓட்டம். லெகோ மோட்டாருக்குள் மூடியிருந்ததை, அந்தப் பிள்ளை இப்போது வெளியே தன் கையால் கட்டிக்கொண்டிருக்கிறது.