இசைத்தட்டுக் கையும் காட்ரிட்ஜும்

சுழலும் ரெக்கார்டின் மேல் ஊசியைத் தாங்கி, விளிம்பிலிருந்து லேபிள் வரை கொண்டுசெல்லும் உறுப்பு இசைத்தட்டுக் கை. ரசிகர்கள் வழக்கில் டோன் ஆர்ம். அதன் நுனியில் உள்ள காட்ரிட்ஜ், ஊசியின் அசைவை மின்குறிப்பாக மாற்றுகிறது. இரண்டும் தனித்தனியே எவ்வளவு உயர்ந்தவையானாலும், ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பாட்டு கெடும், தட்டும் தேயும். தமிழ்நாட்டில் இந்தப் பொருத்தம் மூன்று வகைத் தட்டுகளையும் கடற்கரை ஈரத்தையும் கோடை வெயிலையும் சேர்த்தே பேசப்பட வேண்டியது.

அரக்குத் தட்டின் காலம்

கிராமபோன் கம்பெனிக்காக ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவுசெய்தார். பின்னாளில் சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளைத் தமிழ் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. கே.பி. சுந்தராம்பாளும் தியாகராஜ பாகவதரும் கூடத்துக்குள் வந்து பாடியது நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளில்.

அந்தத் தட்டு அரக்கோடு கல்மாவு கலந்து அழுத்தியது. கல்மாவு காரணமின்றிச் சேர்க்கப்படவில்லை. எஃகு ஊசி வைத்ததும், முதல் சில சுற்றுகளிலேயே தட்டு அதை உரசி, ஒலி பதிந்த தன் வரியின் வடிவத்துக்குத் தீட்டிக்கொள்ளும். அதனால்தான் பக்கத்துக்கு ஒரு புது ஊசி மாற்றினார்கள். ஊசியைத் தாங்கி ஒலியெழுப்பும் சவுண்ட்பாக்ஸின் பாரம் நூறு கிராமுக்கு மேல் தட்டின் மீது அழுத்தியது. பொருத்தத்தை அன்று தட்டே பார்த்துக்கொண்டது, அதற்கான விலையையும் தட்டே கொடுத்தது.

எல்பி வந்தபின்

1948-இல் கொலம்பியா வெளியிட்ட 33⅓ சுற்று எல்பி வினைலால் ஆனது. 78-க்கான ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், எல்பிக்கு 25, 1958 வாக்கில் ஸ்டீரியோ தட்டு பரவியபோது 18. மென்மையான வினைல் வரியால் இனி ஊசியைத் தீட்ட முடியாது. தட்டுக்கு ஏற்ற ஊசியைக் கேட்பவரே தேடவேண்டிய நிலை வந்தது.

இந்தியாவில் 78 தட்டு 1960-களிலும் விற்பனையில் இருந்தது. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78-இல் வெளிவந்தன. ஒரே வீட்டில் இரு வகைத் தட்டும் இருந்ததால், 78-க்கு ஒரு முனை, எல்பிக்கு ஒரு முனை என்று திருப்பிப்போடும் காட்ரிட்ஜ்கள் பெரிதும் உதவின. எச்எம்வி ஃபியஸ்டா, கலிப்ஸோ போன்ற பெட்டி பிளேயர்கள் நடுத்தர வீடுகளின் அடையாளமாயின.

மலிவான காட்ரிட்ஜ்கள் பலவற்றின் உள்ளே ரோஷல் உப்புப் படிகம் இருந்தது. வளைத்தால் மின்னழுத்தம் தரும் அந்தப் படிகம் ஈரத்தில் கரையும், வெப்பத்தில் சிதையும். சென்னை, பழவேற்காடு போன்ற கடலோரக் காற்றுக்கு அது தாங்கும் பொருள் அல்ல; பிறகு வந்த செராமிக் காட்ரிட்ஜ்கள் தாங்கின. ஆனால் இரண்டுக்குமே பொதுவாக அதிகப் பாரம் வேண்டியிருந்தது. 1963-இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் எல்பி, தினமும் விடியலில் ஓடிய தட்டு. அதன் பழைய பிரதி ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருப்பாக மின்னவேண்டிய வரிகள் சாம்பல் பூத்திருந்தால், பாரமான கையும் தேய்ந்த ஊசியும் அதன் மேல் நடந்திருக்கின்றன.

உயர்தரக் கைகள்

இங்கிலாந்தின் எஸ்எம்இ நிறுவனம் 1959-இல் 3009 கையை வெளியிட்டது. அதன் 12 அங்குல உடன்பிறப்பு 3012. காட்ரிட்ஜைத் தாங்கும் ஊசித்தலையைத் திருகிக் கழற்றும் அதன் இணைப்பு பின்னர் பொதுத்தரமாயிற்று. டென்மார்க்கின் ஆர்டோஃபோன் எஸ்பியு, அமெரிக்காவின் ஷூர் வி15, ஜப்பானில் வானொலிக்காக உருவான டெனான் டிஎல்-103 ஆகியவை அக்காலத்தின் பெயர்பெற்ற காட்ரிட்ஜ்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த இந்தியாவுக்கு இத்தகைய சாதனங்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா சென்று திரும்பியவர்களின் பெட்டிகளில் வந்தன.

பொருத்தக் கணக்கு

கையின் செயல்நிறையும் (அசையும்போது ஊசி உணரும் நிறை) ஊசித்தண்டின் இளக்கமும் (எளிதில் வளைந்துகொடுக்கும் தன்மை) சேர்ந்து, சுருள்வில்லில் தொங்கும் எடைபோல் ஓர் இயல்பதிர்வு கொள்ளும். கை, காட்ரிட்ஜ், திருகுகள் எல்லாம் சேர்ந்த நிறையைக் கிராமில் எடுத்து இளக்க எண்ணால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை நல்லது. மொத்த நிறை 22 கிராம், இளக்கம் 10 என்றால் ஏறக்குறைய 10.7 ஹெர்ட்ஸ், சரியான இணை. அதே நிறையில் இளக்கம் 30 உள்ள காட்ரிட்ஜை மாட்டினால் 6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

நம் ஊரில் கீழ் எல்லைக்குக் கூடுதல் கவனம் தேவை. அக்னி நட்சத்திர வெயிலில் வைத்த தட்டு நெளிந்துவிடுகிறது. 33⅓ சுற்றில் ஒரு நெளிவு நொடிக்கு 0.56 முறை வரும். ஒரே சுற்றில் பல நெளிவுகள் இருந்தால் சில ஹெர்ட்ஸ் வரை எட்டும். கையின் இயல்பதிர்வு அதை நெருங்கினால் ஊசி துள்ளும், ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் ஆடும்.

ஜப்பானிய நிறுவனங்கள் பல இளக்கத்தை 100 ஹெர்ட்ஸில் அளந்து தருகின்றன. மேற்கண்ட கணக்குக்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸில் அதே எண் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆகும். டிஎல்-103-க்கு எந்தக் கை பொருந்தும் என்ற நீண்ட விவாதத்தில் இந்த வேறுபாட்டுக்கும் பங்குண்டு.

கருத்து வேறுபாடுகள்

நீளம் பற்றியது முதல் தகராறு. 12 அங்குலக் கை வரியோடு கொள்ளும் கோணப்பிழையைக் குறைக்கும். கச்சேரித் தட்டின் முடிவில், லேபிளை நெருங்கும் தில்லானா தெளிவாகக் கேட்கும். எதிர்த்தரப்பார், நீளம் நிறையையும் கூட்டுகிறது, அளவோடு பொருத்திய 9 அங்குலமே போதும் என்கிறார்கள். கழற்றும் ஊசித்தலை பற்றியது இரண்டாவது. 1983-இல் ரெகா வெளியிட்ட ஆர்பி300, தலையும் தண்டும் ஒரே வார்ப்பாக அமைந்தது. இணைப்புகள் குறைந்தால் உறுதி கூடும் என்பது அதன் வாதம்.

ஒரே வகைத் தட்டு சேர்ப்பவருக்கு அந்த வாதம் சரி. தமிழ் ரசிகரின் அலமாரியிலோ பாகவதரின் 78-ம், மோனோ எல்பியும், 1978-இல் ஸ்டீரியோவில் வந்த ‘ப்ரியா’ படப் பாடல் தட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவருக்கு நடுத்தர நிறையுள்ள, தலை கழற்றும் கையும், மூன்று தலைகளில் மூன்று ஊசிகளும் வேண்டும். விலையுயர்ந்த ஒரே காட்ரிட்ஜ் இந்த வேலையைச் செய்யாது.

மூர் மார்க்கெட்டுக்குப் பின்

பழைய புத்தகங்களோடு பழைய ரெக்கார்டுகளும் குவிந்துகிடந்த சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. கேசட் பரவிக்கொண்டிருந்த காலம் அது.  அந்த மார்க்கெட்டில் முன்பே வாங்கிய தட்டுகள் எரியாமல் வீடுகளின் பரணில் தங்கின.

பரணிலிருந்து ஒரு தட்டை இறக்குகிறவர் முதலில் லேபிளைப் படிக்க வேண்டும். எச்எம்வி எல்பியில் எண் இசிஎல்பி என்று தொடங்கினால் மோனோ, இசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. பிறகு தட்டை ஈரத்துணியால் துடைத்து, பாரத்தைச் சிறு தராசில் நிறுத்து, அதற்குரிய தலையை மாட்டி, கையை மெல்ல இறக்கவேண்டும். அரக்குத் தட்டைப்போல் தன் ஊசியைத் தானே தீட்டிக்கொள்ள வினைலுக்குத் தெரியாது.