தாவரங்கள் வகுத்த காலநிலை

உயிரியலைத் தொடக்க வகுப்பிற் கற்கும் மாணவர் பலரும் ஒரு வரைபடத்தைக் கண்டிருப்பர். ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஒரு பக்கமும் ஆண்டு மழைவீழ்ச்சி மறுபக்கமுமாக அமைந்த அப்படத்திலே அயன மழைக்காடு, சவன்னா, பாலைநிலம், ஊசியிலைக்காடு, தண்டரா என்பன தத்தமக்குரிய கட்டங்களுள் அடங்கிக் கிடக்கும். அமெரிக்கச் சூழலியலறிஞர் றொபேட் விற்றேக்கரின் நூல் வழியாக 1970 களிற் பரவிய படம் அது. அதனை நோக்கும் மாணவன், காலநிலை காரணம், காடு அதன் விளைவு என்று எளிதில் முடிவு செய்கின்றான். அம்முடிவு பெரும்பாலும் சரியானதே. ஆயினும் காலநிலைகளின் எல்லைகளை முதன்முதல் வகுத்தவர்கள் எதனை அளவுகோலாகக் கொண்டனர் என வினவுவோமாயின், காரணமும் விளைவும் அத்துணைத் தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை என்பது புலனாகும்.

இவ்வரலாற்றை அலெக்சாந்தர் ஹம்போல்ட் என்பாரிலிருந்து தொடங்குதல் வழக்கம். அவர் 1802 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தென்னமெரிக்காவின் சிம்போராசோ மலையில் ஏறினார். உச்சியை எட்டவில்லை. ஆனால் அடிவாரத்து அயனக் காடு முதல் பனிக்கோடு வரை செடிகொடிகள் உயரத்துக்கேற்ப மாறிச் செல்வதை அளந்து குறித்துக்கொண்டார். தாவரங்களின் புவியியல் பற்றி அவர் 1807 இல் வெளியிட்ட நூலிலே மலையின் வெட்டுமுகமும் அதன்மேல் தாவரப் பெயர்களும் ஒரே படத்தில் அமைந்தன. பத்தாண்டு கழித்து, 1817 இல், சமவெப்பக் கோடுகளை வரைந்து காட்டியவரும் அவரே.

கோடு வரைவதற்கு அளவுகள் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெப்பமானியும் மழைமானியும் வைத்து ஒழுங்காகக் குறிப்பெழுதிய நிலையங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே அரியனவாகவே இருந்தன. தாவரங்களோ எங்கும் நின்றன. ஓரிடத்திற் பல்லாண்டு நிலைத்து நிற்கும் ஒரு மரம் அவ்விடத்துக் குளிரையும் வறட்சியையும் தாங்கியதற்குச் சான்றாகும். ஜெனீவாவைச் சேர்ந்த அல்போன்ஸ் தெ கந்தோல் இக்கருத்தைப் பயன்படுத்தி, 1874 இல் உலகத் தாவரங்களை ஐந்து கூட்டங்களாகப் பிரித்தார். மிகு வெப்பமும் ஈரமும் வேண்டுவன, வறட்சியைத் தாங்குவன, மிதவெப்பம் விரும்புவன, குறைந்த வெப்பத்தோடு அமைவன, கடுங்குளிரில் வாழ்வன என்பன அவை. இது தாவரவியலாளர் ஒருவர் செய்த பாகுபாடு என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இதனை எடுத்தாண்டவர் விளாதிமிர் கொப்பன். இவர் 1846 இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்தவர். கிரைமியாவிலும் வளர்ந்தமையால், சமவெளிப் புல்வெளி மலைக்காடாகவும் கடற்கரைச் சோலையாகவும் மாறுவதை இளமையிலேயே கண்டார். வெப்பமும் தாவர வளர்ச்சியும் பற்றி ஆராய்ந்து 1870 இல் ஆய்வுரை எழுதினார். பின்னர் யேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள கடலாராய்ச்சி நிலையத்தில் வானிலைப் பணியில் நெடுங்காலம் இருந்தார். அவர் 1900 இல் வெளியிட்ட காலநிலைப் பாகுபாடு, தாவர உலகத்தோடு உள்ள தொடர்பை முதன்மையாகக் கொண்டது என்று தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. அதில் அவர் இட்ட பெயர்கள் இன்றைய மாணவரை வியக்கச் செய்யும். ஒலிவக் காலநிலை, கமேலியாக் காலநிலை, ஓக் காலநிலை, பேர்ச் காலநிலை என மரஞ்செடிகளின் பெயர்களும், அவை குன்றும் இடங்களிற் பனிநரி, பென்குயின், யாக் எனும் விலங்கு பறவைப் பெயர்களும் வந்தன. 1918 இல் அவர் பாகுபாட்டைத் திருத்தி, ஏ முதல் ஈ வரையுள்ள ஐந்து எழுத்துக்களை முதன்மையாக்கினார். அவ்வைந்தும் தெ கந்தோலின் ஐந்து தாவரக் கூட்டங்களே. மிக வெப்பமான மாதத்தின் சராசரி 10 பாகை செல்சியஸை எட்டாத இடத்தில் ஈ வகை தொடங்கும் என்று அவர் கொண்டதற்குக் காரணம், மரம் வளரும் எல்லை ஏறக்குறைய அவ்விடத்தில் முடிகின்றது என்பதே. எண்கள் நிலைத்தன, அவற்றின் அடியில் நின்ற மரங்கள் பாடநூல்களிலிருந்து மறைந்தன.

ஆகவே, ஏ வகைக் காலநிலை நிலவுவதால் இங்கே அயனத் தாவரங்கள் வளர்கின்றன என்று விடையெழுதும் மாணவன், ஓரளவுக்கு வினாவையே விடையாக எழுதுகின்றான். இதனை வெளிப்படச் சொல்லும் பாடநூல்கள் மிகச் சிலவே.

வேறொரு வழியிற் சென்றவர் அந்திரேயாஸ் சிம்பர். இவர் 1889–1890 இல் இலங்கைக்கும் யாவாவுக்கும் வந்து தாவரங்களை நேரிற் கண்டவர். 1898 இல் வெளியிட்ட தம் பெருநூலிலே, இலை ஏன் தடித்தது, ஏன் உதிர்கின்றது என உடற்றொழில் நோக்கிற் காரணம் தேடினார். அயன மழைக்காடு என்னும் பெயரை வழங்கச் செய்ததும் அந்நூலே. மழையும் வறட்சியும் மாறிமாறி வரும் அயன நாடுகளில் வறண்ட பருவத்தில் இலையுதிர்க்கும் பருவக்காற்றுக் காடு அமையும் என்பது அவர் கொள்கை.

நமது வட பகுதி இக்கட்டங்களுள் எளிதில் அடங்குவதில்லை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்துவிடும். சோளகம் வீசும் மாதங்களோ வறண்டவை. அயனப் பிரதேசங்களிற் பொதுவாகக் கோடையில் மழையும் மாரியில் வறட்சியும் நிலவ, இங்கே அது தலைகீழாயிற்று. கொப்பனின் முறையில் இது உலகில் அருகியே காணப்படும் ஒரு துணைவகை. தமிழகத்தின் சோழமண்டலக் கரையும் அதிற் சேரும். இத்தகைய நெடிய வறட்சியில் மரங்கள் இலையுதிர்த்தல் வேண்டும் என எதிர்பார்ப்போம். முதிரை உதிர்க்கின்றது. ஆனால் வன்னிக் காட்டின் பாலையும் வீரையும் ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்கின்றன. சோழமண்டலக் கரையிலுள்ள இத்தகைய காட்டை ஹரி சாம்பியன் 1936 இல் இந்திய, பர்மியக் காடுகளை வகைப்படுத்தியபோது உலர் என்றும்பசுங்காடு எனத் தனியே பிரித்துவைக்க நேர்ந்தது. ஆண்டுச் சராசரியை மட்டுங் கொண்ட வரைபடம் மழை எந்த மாதத்திற் பெய்தது என்பதை அறியாது. விற்றேக்கரும் தம் படத்தின் ஒரு பகுதியைப் புள்ளிக்கோட்டால் வளைத்து, அங்கே மண்ணும் தீயும் காட்டையோ புல்வெளியையோ தீர்மானிக்கலாம் என ஒத்துக்கொண்டிருந்தார். பாடநூல்கள் படத்தை எடுத்துக்கொண்ட அளவுக்கு அவ்வெச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

இஃது இன்று வெறும் பழங்கதை அன்று. 2018 இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் கொப்பனின் எழுத்துக்களைக் கொண்டே, 1980–2016 காலத்துக்கும் 2071–2100 காலத்துக்கும் உலகப் படங்களை வரைந்து வெளியிட்டனர். வெப்பம் உயர உயர எல்லைகள் இடம்பெயர்வதை அப்படங்கள் காட்டுகின்றன. ஆனால் அவ்வெல்லைகள் நெடுங்காலம் நிலைகொண்ட காடுகளைப் பார்த்துக் குறிக்கப்பட்டவை. கணிப்பிலே கோடு சில பத்தாண்டுகளில் நகர்ந்துவிடும். பாலை மரமோ மெல்ல வளர்வது. அதன் விதையைப் பழந்தின்னும் பறவையும் கரடியும் கொண்டுசெல்லல் வேண்டும். இடையிலே வயலும் வீதியும் ஊரும் கிடக்கின்றன. கோடு சென்ற இடத்துக்குக் காடும் சென்றடையும் எனப் படத்தைக் கண்ட மாத்திரத்தே கொள்வதற்குக் கொப்பனின் முறையில் இடமில்லை.