அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தொற்றுக் கட்டுப்பாடு

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரிடையே நோய்க்கிருமிகள் பரவாமல் தடுக்கும் நடைமுறைகளே தொற்றுக் கட்டுப்பாடு எனப்படுகின்றன. கைகழுவுதல், கையுறை, மேலங்கி, தடுப்பூசி, நோயுற்றோரைத் தனிமைப்படுத்துதல் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. மருத்துவமனையில் நோயாளி சில நாட்களே தங்குகிறார்; பராமரிப்பு இல்லமோ பலருக்கு இறுதிவரை வீடாக இருக்கிறது. நோயைத் தடுக்க வேண்டும். அதே வேளையில் அது வீடாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்நடைமுறைகளின் வரலாறு இவ்விரு தேவைகளுக்கும் இடையே நகர்ந்து வந்துள்ளது.

1987 சட்டம்

1965-இல் மெடிகேர், மெடிக்கெய்டு திட்டங்கள் சட்டமான பின், அரசு நிதியால் இவ்வில்லங்கள் பெருகின. பராமரிப்பின் தரம் குறித்த புகார்களைத் தொடர்ந்து, 1987-இல் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வோர் இல்லமும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்று அது விதித்தது. குடும்பத்தினர் வந்து பார்க்கும் உரிமையையும் அதே சட்டம் உறுதி செய்தது. 2016-இல் விதிகள் திருத்தப்பட்டு, ஒவ்வோர் இல்லத்திலும் பகுதி நேரமாகவேனும் ஒரு தொற்றுத் தடுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது 2019 நவம்பரில் கட்டாயமாயிற்று.

2020 பெருந்தொற்று

மூன்று மாதங்களில், வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாந்து நகரிலிருந்த ஓர் இல்லத்தில் கொரோனா பரவியது. மார்ச் 18 வரை அங்கு வாழ்ந்தோர் 101, பணியாளர் 50, பார்வையாளர் 16 என 167 பேருக்குத் தொற்று உறுதியானது. பணியாளர் சிலர் நோய்க்குறியுடன் பணியாற்றியதும், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்ததும் பரவலுக்குத் துணைபுரிந்தன. அதே கிங் கவுண்டியின் மற்றோர் இல்லத்தில் சோதிக்கப்பட்ட 76 பேரில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களுள் 27 பேருக்குச் சோதனையின்போது அறிகுறியே இல்லை. காய்ச்சல், இருமல் உள்ளோரை மட்டும் பிரித்து வைத்தால் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று.

மார்ச் 13 அன்று பார்வையாளர் வருகையைத் தடைசெய்யுமாறு நடுவண் அரசு அறிவுறுத்தியது. மரணத் தறுவாய் போன்ற நிலைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. சேர்ந்து உண்பதும் நின்றது. குடும்பத்தினர் சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பெற்றோரைப் பார்த்தனர். தனிமையும் முதியோரைப் பாதித்தது. தடுப்பூசி வந்த பின், 2021-இல் தடை படிப்படியாக நீங்கியது.

இன்றைய நடைமுறை

2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஆறாத புண், சிறுநீர்க் குழாய் போன்ற கருவி, அல்லது மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி உள்ளோரைக் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் பணியாளர் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும். ஆனால், இக்காரணத்துக்காக அம்முதியவரை அறைக்குள் அடைத்து வைப்பதில்லை. அவர் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணலாம். காப்புடை அணியும் பொறுப்பு பணியாளருடையது; நடமாடும் உரிமை முதியவருடையது. 1987 சட்டம் அருகருகே வைத்த இரு கடமைகளையும் சேர்த்து நிறைவேற்றும் முயற்சியாக இவ்விதி அமைந்துள்ளது.